ஸ்காட் மான்க்ரீஃப்: ஒரே நூலின் மொழிபெயர்ப்பாளர்

பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் ப்ரூஸ்ட் 1922 நவம்பர் 18 அன்று பாரிஸில் இறந்தார். அடுத்த மாதமே ஜோசப் கான்ராட், ப்ரூஸ்ட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாளரான சார்ல்ஸ் கென்னத் ஸ்காட் மான்க்ரீஃபுக்கு ஒரு கடிதம் எழுதினார். ப்ரூஸ்ட் படைத்ததைவிட நீங்கள் பெயர்த்திருப்பதே என்னை அதிகம் கவர்ந்தது என்பது அதன் சாரம். கான்ராட் பிறப்பால் போலந்துக்காரர். பிரெஞ்சு அவருக்கு இளமையிலேயே கைவந்த மொழி. ஆங்கிலத்தை வளர்ந்தபின் கற்று, அதிலேயே நாவலாசிரியராக நிலைபெற்றவர். இரு மொழிகளையும் எடைபோட அவரளவு தகுதி பெற்றவர்கள் அன்று மிகக் குறைவு. அதனால் அந்தப் பாராட்டு நிலைத்துவிட்டது.

எனக்கு அது பாராட்டாக மட்டும் படவில்லை. மூலத்தைவிடப் பெயர்ப்பு ஒருவரை ஈர்க்கிறது என்றால், மூலத்தில் இல்லாத ஏதோ ஒன்று அதில் சேர்ந்திருக்க வேண்டும். அது என்ன, அது சேர்ந்ததால் ப்ரூஸ்ட் எதை இழந்தார், அந்த இழப்பையும் மீறி நிற்கும் சாதனை என்று ஏதேனும் உண்டா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நமக்கும் இது தொலைவான விவகாரம் அல்ல. ப்ரூஸ்ட்டைப் படித்த தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகவே படித்தவர்கள். பழைய ஆங்கிலப் பதிப்புகளில் படித்தவர்களுக்கு ப்ரூஸ்ட்டின் குரலாகக் கேட்டது மான்க்ரீஃபின் குரல்தான்.

மான்க்ரீஃப் 1889இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். வின்செஸ்டரில் பள்ளிப் படிப்பு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் முதலில் சட்டம், பிறகு ஆங்கில இலக்கியம். முதல் உலகப் போரில் அதிகாரியாகப் பணியாற்றினார். 1917 ஏப்ரலில், அராஸ் நகருக்கு அருகே நடந்த சண்டையில் எறிகணை வெடித்துக் கால் சிதைந்தது. பிறகு வாழ்நாள் முழுதும் நொண்டியே நடந்தார். போருக்குப் பின் வந்த அவரது முதல் பெரிய வேலை, பழைய பிரெஞ்சு வீரகாவியமான 'ரோலாந்தின் பாடல்' (1919). போரில் இறந்த நண்பர்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார்; அவர்களில் ஒருவர் கவிஞர் வில்ஃப்ரெட் ஓவன். அடுத்து 1921இல் பழைய ஆங்கிலக் காவியமான 'பேவுல்ஃப்'.

இந்த இரண்டு நூல்களையும் அவரது வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகக் கடந்துவிடுகிறார்கள். அது சரியில்லை. ரோலாந்தின் பாடலில் அடிகளின் இறுதியில் உயிரொலிகள் மட்டும் ஒத்து வரும். மெய்கள் மாறிக்கொண்டே போகும். ஆங்கிலக் காதுக்கு அது பழக்கமில்லாத ஒலிக்கட்டு. மான்க்ரீஃப் அந்தக் கட்டையும் மூலத்தின் அடியளவையும் ஆங்கிலத்திலும் கொண்டுவர முயன்றார். அதன் விளைவு பல இடங்களில் முரடாகவும் செயற்கையாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பயிற்சி அவருக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: மூலத்தின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் அளவையும் ஓட்டத்தையும் விட்டுவிடக் கூடாது. ப்ரூஸ்ட்டிடம் அவர் வந்து சேர்ந்தது உரைநடை மொழிபெயர்ப்பாளராக அல்ல. யாப்பைப் பெயர்க்கப் பழகிய ஒருவராக. அவர் செய்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இங்கிருந்தே கிளைக்கின்றன.

ப்ரூஸ்ட்டின் ஏழு பகுதி நாவலான 'தொலைந்த காலத்தைத் தேடி'யின் முதல் பகுதி 1913இல் ஆசிரியரின் சொந்தச் செலவில் வெளிவந்தது. 1919இல் இரண்டாம் பகுதி கோன்கூர் பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் முதல் பகுதி 'ஸ்வான்ஸ் வே' என்ற பெயரில் சாட்டோ அண்ட் விண்டஸ் பதிப்பகத்தின் வெளியீடாக 1922 செப்டம்பரில் வந்தது. அந்தத் தேதியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போது பிரெஞ்சிலேயே நாவல் முழுமையாக வெளிவரவில்லை. கடைசிப் பகுதி 1927இல்தான் அச்சேறியது. முடிவு தெரியாமலேயே மான்க்ரீஃப் இதைப் பெயர்க்கத் தொடங்கினார்.

வேறு நாவலாக இருந்தால் இது பெரிய குறையாகாது. ப்ரூஸ்ட்டின் நாவலிலோ முதல் பகுதியில் போகிறபோக்கில் சொல்லப்படும் ஒன்றுக்குக் கடைசிப் பகுதியில்தான் பொருள் கிடைக்கிறது. தேநீரில் நனைத்த மாதலேன் கேக் துண்டு ஏன் அத்தனை மகிழ்ச்சியைத் தந்தது என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுகிறது. அதற்கான விடை ஆயிரக்கணக்கான பக்கங்கள் தாண்டி வருகிறது. கோம்ப்ரே ஊரிலிருந்து கிளம்பும் இரண்டு நடைப்பாதைகள், சிறுவனுக்கு ஒன்றோடொன்று சேரவே முடியாத இரு உலகங்கள். அவை சேரக்கூடியவை என்பது நாவலின் பிற்பகுதியில்தான் தெரிகிறது. எந்தச் சொல் திரும்பி வரும், எந்த உவமை பின்னால் வளரும் என்று அறிந்த மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை முதலிலேயே பத்திரப்படுத்துவார். மான்க்ரீஃபுக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதல் பகுதிக்குப் பிறகு, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசிரியரும் உயிரோடு இல்லை.

மூலப் பாடமும் அவருக்குச் சாதகமாக இல்லை. முதல் பிரெஞ்சுப் பதிப்புகளில் அச்சுப் பிழைகள் மலிந்திருந்தன. இறப்புக்குப் பின் வந்த பகுதிகளைப் ப்ரூஸ்ட்டின் தம்பி ரொபேரும் பதிப்பக நண்பர்களும், முடிவுசெய்யப்படாத கையெழுத்துப் படிகளிலிருந்தும் தட்டச்சுப் படிகளிலிருந்தும் தொகுத்தார்கள். திருத்தமான பிரெஞ்சுப் பதிப்பு 1954இல்தான் ப்ளேயாத் வரிசையில் வந்தது. ஆகவே மான்க்ரீஃபின் பிழைகள் என்று பட்டியலிடப்படுபவற்றில் ஒரு பங்கு அவர் கையில் இருந்த நூலின் பிழை. இன்னொரு பங்கு முடிவு தெரியாததால் நேர்ந்தது. இவ்விரண்டையும் கழித்துவிட்டு, அவருடைய ரசனையால் விளைந்ததை மட்டுமே அவர் கணக்கில் எழுதுவது நியாயம். இப்படிக் கழித்த பிறகும் கணக்கில் கணிசமாக மிஞ்சுகிறது.

குறைக்குப் போகும் முன் சாதனையைச் சொல்லிவிட வேண்டும். அது வாக்கியம்.

ப்ரூஸ்ட்டின் நீண்ட வாக்கியம் ஓர் எண்ணத்தில் தொடங்கும். வினையை எட்டுமுன் ஒரு சந்தேகம் குறுக்கிடும். சந்தேகத்துக்குள் ஓர் உவமை, உவமைக்குள் ஒரு நினைவு, நினைவுக்குள் யாரோ ஒருவரின் குணத்தைப் பற்றிய குறிப்பு. வாக்கியம் முடியும்போது, தொடக்கத்தில் நாம் நம்பிய எண்ணம் திருத்தப்பட்டிருக்கும். இந்த நீளம் அலங்காரத்துக்காக வந்ததல்ல. மனம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் செயல் அந்த நீளத்தில் நடக்கிறது. அதை நாலைந்து சிறு வாக்கியங்களாக உடைத்தால் செய்தி மட்டும் தப்பிப் பிழைக்கும். திருத்தம் நடப்பதைப் பார்க்கும் அனுபவம் போய்விடும். 1922இல் உடைத்திருந்தால் ஆங்கில வாசகர்கள் நன்றிதான் சொல்லியிருப்பார்கள். மான்க்ரீஃப் உடைக்கவில்லை.

உடைக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது பிரெஞ்சின் ஓர் இலக்கணப் பண்பை நினைத்தால் விளங்கும். பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலோ பெண்பாலோ கொண்டது. சுட்டுப் பெயர்களும் பெயரடைகளும் அந்தப் பாலை ஏற்கும். ஆகவே ஆறு வரி தாண்டி வரும் ஒரு சுட்டுச் சொல்கூடத் தான் எந்தப் பெயரைக் குறிக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. அதே நீளத்தில் எழுதினால் எது எதைச் சுட்டுகிறது என்று வாசகர் தடுமாறுவார். மான்க்ரீஃப் பெயரைத் திரும்பச் சொல்கிறார், தொடர்களின் இடத்தைச் சற்றே நகர்த்துகிறார், அரைப்புள்ளியில் மூச்சுவிட இடம் தருகிறார். ஆனால் எண்ணங்கள் வந்து சேரும் வரிசையை முடிந்தவரை மாற்றுவதில்லை. வினைமுற்றுக்காகக் காத்திருக்கத் தமிழ் வாசகருக்கு மொழியே பழக்கம் தந்திருக்கிறது. ஆங்கில வாசகருக்கு அந்தப் பழக்கத்தை ஊட்ட வேண்டியிருந்தது, மான்க்ரீஃப் ஊட்டினார்.

முதல் பகுதியில் வரும் செயிண்ட்-யூவர்ட் சீமாட்டியின் வீட்டு இசை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். தான் காதலிக்கும் ஓடெத் தன்னை இனி நேசிக்கப்போவதில்லை என்று ஸ்வான் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்ட நேரம். எதிர்பாராமல் வயலினில் இசையமைப்பாளர் வான்தேயின் சிறு இசைத்தொடர் எழுகிறது. அடக்கி வைத்திருந்த காதல் நாட்கள் அத்தனையும் ஒருசேர அவன்மேல் பாய்கின்றன. ப்ரூஸ்ட் இங்கே இசையை வர்ணிப்பதோடு ஸ்வான் அதைக் கேட்டு அதற்கு எதிராகத் தன்னைக் காத்துக்கொள்ள முயன்று தோற்பதையும் ஒரே ஓட்டத்தில் எழுதுகிறார். மான்க்ரீஃபின் ஆங்கிலத்தில் இந்தப் பக்கங்களை உரக்கப் படித்தால், ஏற்றமும் தயக்கமும் வீழ்ச்சியும் மூலத்தில் விழும் இடத்திலேயே விழுவது கேட்கும். பிற்காலப் பெயர்ப்புகள் சில சொற்களில் இதைவிடத் திருத்தமானவை. இந்த ஓட்டத்தில் எதுவும் இதைத் தாண்டவில்லை என்பது என் கருத்து.

இனி அந்த ஓட்டத்தில் மிதக்கும் சொற்களைப் பார்க்கலாம். சரிவு அங்கேதான். ப்ரூஸ்ட் சாதாரணச் சொல்லை வைக்கும் இடத்தில் மான்க்ரீஃப் ஒரு படி உயர்ந்த, சற்றே பழைய சொல்லைத் தேடுகிறார். ஒரு பெயரடை போதும் என்கிற இடத்தில் அதற்குத் துணை சேர்க்கிறார். ஆங்கிலக் கவிதையின் சாயல் எங்கெல்லாம் ஒட்டுமோ அங்கெல்லாம் ஒட்டவைக்கிறார். பெயர்ப்பைத் திருத்திய டெரன்ஸ் கில்மார்ட்டினும் இந்த அலங்கார நாட்டத்தைத்தான் முதன்மைக் குறையாகச் சுட்டினார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறியது. மொத்தமாகச் சேரும்போது நாவலின் தன்மையே இடம் மாறுகிறது. ப்ரூஸ்ட்டின் தந்தை மருத்துவர், தொற்றுநோய்த் தடுப்பில் பெயர் பெற்றவர். தம்பி அறுவைச் சிகிச்சை நிபுணர். நோய், ஒளியியல், சட்டம், படை நடத்தும் கலை என்று பல துறைகளின் வறண்ட சொற்களை வைத்தே அவர் பொறாமையையும் மேட்டிமையையும் அறுத்துப் பார்க்கிறார். அந்தக் கத்தியின் கூர்மை மான்க்ரீஃபிடம் மழுங்கி, ஏக்கம் மேலெழுகிறது. கான்ராடைக் கவர்ந்த கூடுதல் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ப்ரூஸ்ட் என்றாலே கடந்த காலத்தை எண்ணி உருகுபவர் என்று ஆங்கில உலகிலும் அதன் வழியே நம்மிடமும் பரவியிருக்கும் எண்ணத்துக்கு இதுவே பெரும் காரணம்.

அந்த எண்ணத்தின் தலைவாசல் நூலின் பெயர். 'தொலைந்த காலத்தைத் தேடி' என்பது ப்ரூஸ்ட்டின் பெயர். மான்க்ரீஃப் அதை விட்டுவிட்டு ஷேக்ஸ்பியரின் 30ஆம் சானட்டிலிருந்து 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் திங்ஸ் பாஸ்ட்' என்ற தொடரை எடுத்துச் சூட்டினார். அழகான தொடர்தான். ஆனால் அந்தக் கவிதையில் பேசுபவர் அமைதியாக உட்கார்ந்து பழைய நினைவுகளை வேண்டி வரவழைக்கிறார். வேண்டி வரவழைக்கும் நினைவு உயிரற்றது, தானாக வந்து தாக்கும் நினைவே இழந்ததை மீட்கும் என்பதுதான் ப்ரூஸ்ட்டின் நாவல் முழுக்க நடத்தும் வாதம். நாவல் மறுக்கும் கருத்தையே அட்டையில் ஏந்திக்கொண்டு அந்த ஆங்கில நூல் எழுபது ஆண்டுகள் உலவியது. தேடல் என்ற செயலும் தொலைத்தது என்ற குற்ற உணர்வும் அதில் இல்லை.

இதற்கு முடிவு தெரியாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது. 1922 அக்டோபரில், இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, ப்ரூஸ்ட் மான்க்ரீஃபுக்குக் கடிதம் எழுதினார். பெயர்ப்பைப் பாராட்டிவிட்டு, தொலைந்த காலம் என்ற தலைப்பு கடைசிப் பகுதியின் மீண்ட காலம் என்ற தலைப்போடு இணைந்தது, அந்த இணைப்பு ஆங்கிலத்தில் அழிந்துவிட்டது என்று தெளிவாகவே எழுதினார். 'ஸ்வான்ஸ் வே' என்ற பெயரிலும் அவருக்குக் குறை இருந்தது. ப்ரூஸ்ட் ஆங்கிலத்தில் வல்லவர் அல்ல. 1904இலும் 1906இலும் ரஸ்கினின் இரு நூல்களைத் தாயின் உதவியோடும் தோழி மாரி நோர்ட்லிங்கரின் உதவியோடும்தான் பிரெஞ்சாக்கினார். ஆனாலும் மொழிபெயர்ப்பின் வலி அறிந்தவர் அவர். தன் நூலின் பெயரைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. முதல் பகுதி அதற்குள் கடைக்கு வந்துவிட்டது, இனி மாற்றுவது எளிதல்ல என்பது உண்மை. அடுத்தடுத்த தலைப்புகளைப் பார்த்தால் மாற்றும் எண்ணமும் மான்க்ரீஃபுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. பூத்துநிற்கும் இளம்பெண்களின் நிழலில் என்ற பொருள் கொண்ட இரண்டாம் பகுதியின் பெயர் 'விதின் எ பட்டிங் க்ரோவ்' ஆயிற்று: தோப்பு இருக்கிறது, பெண்கள் இல்லை. கதைசொல்லியின் காதலியைப் பற்றி, அல்பெர்த்தீன் மறைந்தாள் என்று மொட்டையாக அறிவிக்கும் பகுதிக்கு வால்டர் டி லா மேரின் கவிதையிலிருந்து 'தி ஸ்வீட் சீட் கான்' என்று பெயர். ப்ரூஸ்ட் வேண்டுமென்றே வறட்சியாக வைத்த பெயரை இனிமையாக்கியிருக்கிறார்.

ஒரு தலைப்பை மட்டும் இந்தக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன். 'சோதோமும் கொமோராவும்' என்ற பகுதி ஆங்கிலத்தில் 'சிட்டீஸ் ஆஃப் த ப்ளெய்ன்' ஆனது. இதுவும் விவிலியத் தொடரே, ஆனால் மூலத்தின் அறைதல் இதில் இல்லை. இங்கே நாம் அன்றைய இங்கிலாந்தை நினைக்க வேண்டும். ஆண்களுக்கிடையிலான உறவு அங்கே 1967 வரை குற்றம். மான்க்ரீஃபே ஆண்களை நேசித்தவர். பிடிபட்டால் சிறை என்ற நிலையில் வாழ்ந்தவர். இந்தப் பகுதி முதலில் 1927இல் அமெரிக்காவில் வரையறுக்கப்பட்ட பிரதிகளாகவே வந்தது. லண்டனில் 1929இல் வேறொரு பதிப்பகம் வெளியிட்டது. இடையே 1928இல், பெண்களுக்கிடையிலான காதலைச் சொன்ன ராட்க்ளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினெஸ்' நாவலை அழித்துவிட லண்டன் நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்தச் சூழலில், ஆண்களை நேசிக்கும் பிரபு சார்லுஸின் கதையை வேறொன்றாக மாற்றாமல் மான்க்ரீஃப் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கொச்சையான பேச்சு வரும் இடங்களில் அவர் மொழி ஒதுங்கிப்போவது உண்மை. தலைப்பின் மென்மையை நான் ரசனைக் கோளாறாக எண்ணவில்லை. நூலை வாசகரிடம் சேர்க்க அவர் எடுத்த காப்பு அது.

பேச்சு என்றதும் இன்னொன்று. ப்ரூஸ்ட் மற்றவர் குரலைப் போலி செய்வதில் மகாவல்லவர். தூதர் நோர்ப்வாவின் வாய்ஜாலம் மான்க்ரீஃபுக்கு நன்றாகவே வருகிறது. லண்டன் 'டைம்ஸ்' இதழில் வேலை பார்த்தவருக்கு அந்த அதிகார மொழி அன்றாடம் கேட்ட ஒன்று. சமையல்காரி ஃப்ரான்சுவாஸின் நாட்டுப்புறப் பேச்சு அவருக்குப் பிடிபடவில்லை. மூலத்தில் அவள் பேச்சில் பழைய பிரெஞ்சின் மணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அவள் வெறும் பணிப்பெண்.

ப்ரூஸ்ட்டை விட்டு வெளியே வந்தால் மான்க்ரீஃபின் எல்லை துலக்கமாகத் தெரிகிறது. 1923இல் இத்தாலிக்குப் போனார். அங்கே வாழ்க்கைச் செலவு குறைவு, உடல்நிலைக்கும் உகந்தது. உறவினர் பலருக்கு அவர் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. முசோலினியின் இத்தாலியைப் பற்றி பிரிட்டிஷ் உளவுத்துறைக்கு அவர் தகவல் தந்தார் என்பதையும், 2014இல் வெளிவந்த ஜீன் ஃபிண்ட்லேயின் வாழ்க்கை வரலாறு விரிவாகச் சொல்கிறது. அந்த ஆண்டுகளில் பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தாந்தாலின் பெரிய நாவல்கள் இரண்டையும் பெயர்த்தார்: 1925இல் 'பார்மாவின் மடாலயம்', 1926இல் 'சிவப்பும் கறுப்பும்'. அபேலார்–எலோயீஸ் கடிதங்கள், பிராந்தெல்லோ என்று வேறு பலவும் உண்டு. அவற்றின் முக்கியத்துவம் இன்று குறைவு. ஸ்தாந்தால்தான் சரியான உரைகல். தன் நடை நேராக வரச் சட்டத்தொகுப்பைப் படித்ததாகச் சொன்னவர் அவர். பார்மா நாவலை 52 நாட்களில் சொல்லச்சொல்ல எழுதுவித்தவர். வாக்கியம் அடுத்த செயலை நோக்கி ஓடும், திரும்பிப் பார்க்காது. மான்க்ரீஃபின் ஸ்தாந்தாலில் பொருள் தெளிவாக இருக்கிறது, வேகம் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் தன் கனத்தை உணர்ந்தபடி நடக்கிறது. 1999இல் வந்த ரிச்சர்ட் ஹோவர்டின் பார்மாவைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சில பக்கங்களிலேயே புலப்படும். இரண்டு தலைமுறை ஆங்கில வாசகருக்கு ஸ்தாந்தாலைக் கொண்டுசேர்த்த நன்றி அவருக்கு உரியது. ஆனால் எந்த எழுத்தாளர் வந்தாலும் தன் குரலை மாற்றிக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் இல்லை. ஒரே ஒரு நடைக்கு வாய்த்த காது அது.

மான்க்ரீஃப் 1930 பிப்ரவரி 28 அன்று ரோமில், 40 வயதில், புற்றுநோயால் இறந்தார். அல்பெர்த்தீன் மறையும் பகுதி வரைதான் அவரால் முடிந்தது. எல்லாப் புதிர்களும் அவிழும் கடைசிப் பகுதியை, ப்ரூஸ்ட்டின் நண்பரான சிட்னி ஷிஃப், ஸ்டீஃபன் ஹட்சன் என்ற புனைபெயரில் 1931இல் வெளியிட்டார். குரல் திடீரென மாறுகிறது. முன்பகுதிகளின் எதிரொலிகள் கேட்க வேண்டிய இடங்களில் கேட்பதில்லை. அந்தப் பகுதியை 1970இல் ஆண்ட்ரியாஸ் மேயர் புதிதாகப் பெயர்த்தது அவசியமான காரியம்.

பிறகு வந்தவர்கள் மான்க்ரீஃபை எப்படி நடத்தினார்கள் என்பதே அவருக்கான வலுவான சாட்சியம். கில்மார்ட்டின் 1954ஆம் ஆண்டு ப்ளேயாத் பாடத்தை வைத்து முழுப் பெயர்ப்பையும் திருத்தி 1981இல் வெளியிட்டார். டி. ஜே. என்ரைட் இன்னொரு முறை திருத்தி, பெயரையும் நேராக மாற்றி 1992இல் கொண்டுவந்தார். யேல் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்காக வில்லியம் கார்ட்டர் 2013இலிருந்து வெளியிட்டதும் மான்க்ரீஃபின் மேல் செய்த திருத்தமே. சொற்களைப் பிடுங்கி வேறு சொற்களை நடலாம், வாக்கியங்கள் தாங்குகின்றன என்று மூவரும் கண்டிருக்கிறார்கள். கட்டமைப்பு பிழையாக இருந்திருந்தால் இது முடிந்திருக்காது. பெங்குவின் 2002இல் வேறு வழியில் போனது: கிறிஸ்டஃபர் பிரெண்டர்காஸ்ட்டின் மேற்பார்வையில் ஏழு பகுதிகளுக்கு ஏழு மொழிபெயர்ப்பாளர்கள். முதல் பகுதியைச் செய்த லிடியா டேவிஸ் பிரெஞ்சுச் சொல்லை விட்டு விலக மறுப்பவர். ப்ரூஸ்ட்டின் வறட்சி அவரிடம் பத்திரமாக இருக்கிறது, ஏக்கத்தின் சர்க்கரை துளியும் இல்லை. ஆனால் அடுத்த பகுதிக்குப் போனதும் வேறொருவர் பேசுகிறார், அதற்கடுத்து இன்னொருவர். ஒரே மனத்தின் நீண்ட பேச்சாக எழுதப்பட்ட நாவலுக்கு இது பெரிய இழப்பு.

என் தீர்ப்பு இது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்களில் பெரியவர் என்ற பொது மகுடம் மான்க்ரீஃபுக்குப் பொருந்தாது. ஸ்தாந்தால் அதை மறுக்கிறார். ப்ரூஸ்ட்டின் வாக்கியத்தை ஆங்கிலத்தில் முதலில் நிற்கவைத்தவரும் இன்றுவரை மிகச் சிறப்பாக நிற்கவைத்தவரும் அவரே. அந்த வாக்கியத்துக்கு அவர் பூசிய நறுமணமும் சூட்டிய பெயர்களும் ப்ரூஸ்ட்டுக்குச் செய்த அநீதி. அந்த அநீதி பிறரால் பெரும்பாலும் நீக்கப்பட்டுவிட்டது; வாக்கியம் இருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் ப்ரூஸ்ட்டை முழுமையாகப் படிக்க நினைப்பவர் 1992ஆம் ஆண்டின் மான்க்ரீஃப்–கில்மார்ட்டின்–என்ரைட் பதிப்பை எடுக்கட்டும். முதல் பகுதிக்கு மட்டும் லிடியா டேவிஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். 1922ஆம் ஆண்டின் பழைய பாடத்தை, ப்ரூஸ்ட்டை அறிய அல்ல, மான்க்ரீஃபை அறிய விரும்புபவர்கள் தேடிப் படிக்கலாம்.